கேம் காசு, கேம் ஐடி விக்கிறது சட்டப்படி குத்தமா?

கேள்வி: 30 ஆகஸ்ட் 2025
அண்ணே, நான் காலேஜ் செகண்ட் இயர். என்கிட்ட ஒரு பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்தியப் பதிப்பு) ஐடி இருக்கு. எம்4 கிளேசியர்னு ஒரு அபூர்வத் துப்பாக்கி ஸ்கின், ரெண்டு மித்திக் டிரஸ், கொஞ்சம் யூசியும் (கேமுக்குள்ள செல்லுற காசு) மிச்சம் கெடக்கு. டெலிகிராம் குரூப்ல ஒருத்தர் 18,000 ரூபாய்க்குக் கேக்குறார். ஹாஸ்டல்ல ஒருத்தன், "புதுச் சட்டம் வந்துருச்சு, கேம் காசை நெஜக் காசாக்குனா 3 வருஷம் உள்ள"ன்னு பயமுறுத்துறான். விக்கலாமா, வேண்டாமா?

30 ஆகஸ்ட், ராத்திரி
இப்பதான் கடை அடைச்சேன், சுருக்கமா சொல்றேன். அந்த ஆன்லைன் கேமிங் சட்டம் ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல்னு மூணே நாள்ல வந்தது. 3 வருஷம் ஜெயில், 1 கோடி அபராதம்லாம் பணம் கட்டி ஆடுற ஆட்டத்தை நடத்துறவனுக்கும் அதுக்குப் பணம் கைமாத்தி விடுறவனுக்கும்தான். விளம்பரம் பண்றவனுக்கு 2 வருஷம், 50 லட்சம். ஆடுறவனுக்குத் தண்டனை வைக்கல. ஒருத்தன் தன் ஐடியை இன்னொருத்தனுக்கு விக்கிறதைப் பத்தி அதுல தனியா எதுவும் இல்ல.

அதனால சந்தோஷமா வித்துடாத தம்பி. ஜெயில் இல்லங்கிறதுக்காகப் பிரச்சினை இல்லன்னு ஆயிடாது. மீதியை நாளைக்கு எழுதுறேன்.

31 ஆகஸ்ட்
நான் திண்டுக்கல் பக்கம் மொபைல் ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன். அதே இடத்துல முன்னாடி பிரவுசிங் சென்டர் இருந்துச்சு. பசங்க கேமுக்குப் பணம் போடுறதை அப்ப இருந்தே பக்கத்துல நின்னு பாக்குறவன்.

கடைக்கு வர்ற பையன் கைல 80 ரூபாய் வச்சிருப்பான். "அண்ணே, 100 டைமண்ட்." ஃப்ரீ ஃபயர் ஆட்டத்துக் காசு அது. பிளேயர் ஐடி நம்பரை உள்ளங்கையில பேனாவுல எழுதிட்டு வருவான், வேர்வையில கடைசி ரெண்டு எண் அழிஞ்சிருக்கும். நான் டாப்அப் பக்கத்துல நம்பரை அடிச்சதும் அவன் பேரு திரையில வரும், அவன் தலையாட்டினாதான் அடுத்த பட்டன். அந்த டைமண்ட் அவன் கணக்குக்குள்ள போனா போனதுதான். நண்பனுக்கு 50 டைமண்டைத் தூக்கிக் கொடுக்க முடியாது, எனக்கே திருப்பி விக்கவும் முடியாது. யூசியும் அப்படித்தான். கம்பெனி வேணும்னேதான் அப்படிக் கட்டி வச்சிருக்கு.

அதனால நம்ம ஊர்ல "கேம் காசு விக்கிறேன்"னு சொன்னா ரெண்டு அர்த்தம்தான். ஒண்ணு, காசோட சேத்து மொத்த ஐடியையும் விக்கிறது. இன்னொண்ணு, உன் ஐடிக்குப் பாதி விலையில யூசி ஏத்தி விடுறேங்கிற வியாபாரம். ரெண்டாவதைப் பத்தி ஒரு வார்த்தை: பாதி விலைக்குக் கொடுக்குறவனுக்கு எங்கேருந்து கட்டுபடியாகுது? யாரோட கார்டு நம்பரையோ வச்சு வாங்குவான். இல்லன்னா யூசியை ஏத்திட்டு, பின்னாடியே போய் "எனக்கு வந்து சேரல"ன்னு பணத்தைத் திருப்பிக் கேப்பான். பணம் திரும்பினதும் கம்பெனி உன் ஐடிலேருந்து யூசியைக் கழிக்கும். நீ ஏற்கெனவே செலவு பண்ணியிருந்தா மைனஸ்ல நிக்கும். மைனஸ் யூசியோட கடைக்கு வந்து "அண்ணே, இது என்னன்னு பாருங்க"ன்னு போனை நீட்டுற முகங்களை நிறையப் பாத்தாச்சு.

1 செப்டம்பர்
"நான் காசு கொடுத்து வாங்குனது, என் பொருள், நான் விப்பேன்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க வாங்குனது பொருள் இல்ல, ஆடுறதுக்கான அனுமதி. ஒப்பந்தத்துல 'மாற்றத்தக்கதல்ல'ன்னு போட்டிருப்பான். அதை யாரும் படிக்கிறதில்ல, நானும் கடைக்கு வந்த ஒரு தகராறுக்காகத்தான் படிச்சேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை ஆள் இல்லாம தானா ஆட வைக்கிற கிளைடர்னு ஒரு மென்பொருள் இருந்துச்சு. அதைச் செஞ்ச கம்பெனிக்கும் ஆட்டத்தை நடத்துற பிளிசார்டுக்கும் நடந்த வழக்குல 2010ல அமெரிக்காவோட ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாவே சொல்லிடுச்சு: ஆடுறவங்க அந்த மென்பொருளுக்கு உரிமையாளர் இல்ல, உரிமம் வாங்குனவங்க. கடையில பெட்டியோட காசு கொடுத்து வாங்குன ஆட்டத்துக்கே இந்தக் கதி. இலவசமா இறக்குன பிஜிஎம்ஐக்கு என்ன சொல்ல.

ஆனா அதே தீர்ப்புல இன்னொரு பக்கமும் இருக்கு. விதியை மீறுன ஒவ்வொண்ணும் பதிப்புரிமை மீறலா ஆகாது, சிலது வெறும் ஒப்பந்த மீறல்தான்னு பிரிச்சாங்க. ஐடி விக்கிறதும் ஒப்பந்த மீறல் ரகம்னுதான் நான் நினைக்கிறேன். கம்பெனி கணக்கை மூடலாம். போலீஸ் அனுப்பாது.

1 செப்டம்பர், கொஞ்சம் கழிச்சு
"அண்ணன் வக்கீலா?" இல்ல. மச்சான் திண்டுக்கல் கோர்ட்டுல வக்கீல். ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்புக்கு வந்தா கூட இதைத்தான் அவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன். அக்கா முறைக்குது.

3 செப்டம்பர்
நான் எப்பவாவது வித்திருக்கேனான்னு கேட்டா, வித்திருக்கேன். பிரவுசிங் சென்டர் காலம். ரூன்ஸ்கேப்னு ஒரு ஆட்டம், எதையும் இறக்க வேண்டாம், பிரவுசர்லயே ஓடும், நம்ம கனெக்‌ஷனுக்கு அதுதான் தாங்கும். மத்தியானம் கடையில ஈ ஓட்டுற நேரத்துல கரம்ஜா தீவுல உக்காந்து லாப்ஸ்டர் பிடிப்பேன், யூ மரம் வெட்டுவேன். மானிட்டர் பக்கத்துல கணக்கு நோட்டு, நடுநடுவுல ஜெராக்ஸ். சேந்த தங்கத்தை ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு வித்தேன். ஆட்டத்துக்குள்ள ஒரு பேங்க் வாசல்ல சந்திச்சோம். ரெண்டு பெட்டி தொறந்துச்சு, நான் தங்கத்தை வச்சேன், அவன் ஒண்ணும் வைக்கல, ரெண்டு பேரும் 'சம்மதம்' அமுக்குனோம். டாலர் ஏற்கெனவே என் கணக்குல இருந்துச்சு.

கொஞ்ச நாள்ல அந்த டாலர் காணோம். வாங்குனவன் கார்டு கம்பெனிகிட்ட "பொருள் வரல"ன்னு சொல்லியிருக்கான். பணம் அனுப்புற நிறுவனத்துக்கு எழுதுனா, கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு விக்கிறவர் பாதுகாப்பு கிடையாதுன்னு பதில். கேம் கம்பெனிகிட்ட போய் அழலாமா? "நான் உங்க விதியை மீறி வித்தேன், ஏமாந்துட்டேன்"னு எப்படி எழுதுறது?

நான் மட்டும் இல்ல, அந்த ஆட்டமே அப்ப இதுல தவிச்சுது. திருட்டு கார்டுல கணக்கு தொறந்து தங்கம் சேக்குற கும்பல் தாங்க முடியாம, 2008 ஜனவரியில ஆட்டக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் இஷ்டத்துக்குக் கொடுத்து வாங்குறதையே நிறுத்துனாங்க. நண்பனுக்கு ஒரு வாள் சும்மா கொடுக்க முடியாத நிலைமை. பாதிப் பேர் கோவிச்சுட்டுப் போனான். ஓட்டெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியிலதான் திரும்பக் கொண்டுவந்தாங்க. காசு விக்கிறதைத் தடுக்கணும்னா ஆட்டத்தோட கழுத்தைத்தான் நெரிக்கணும்னு அப்ப புரிஞ்சுது.

4 செப்டம்பர்
நெதர்லாந்து வழக்கைப் போட்டவருக்கு நன்றி. ஆனா அதை வச்சு "கேம் பொருள் சொத்துதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, அதனால விக்கலாம்"னு முடிச்சது சரியில்ல. நடந்தது இதுதான்: 2007ல ரெண்டு பசங்க 13 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சு, கத்தியைக் காட்டி, அவனோட ரூன்ஸ்கேப் கணக்கைத் தொறக்க வச்சு, ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் தங்களோட கணக்குக்கு மாத்திக்கிட்டாங்க. அது வெறும் தகவல்தான், பொருள் இல்லன்னு வாதாடுனாங்க. 2012 ஜனவரியில அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. அந்தப் பையன் நேரமும் உழைப்பும் போட்டுச் சேத்தது, அவன் கைல இருந்தது, இவங்க பறிச்சாங்க, அதனால திருட்டுன்னு, குத்தவாளிங்கிற தீர்ப்பை உறுதி செஞ்சுது.

அதாவது திருடக் கூடாதுன்னு வந்த தீர்ப்பு. கம்பெனி எதிர்ல நின்னு "இது என் சொத்து"ன்னு கேட்ட வழக்கு இல்ல. கேம் பொருளுக்குத் திருடன் முன்னாடி மதிப்பு உண்டு, கம்பெனி முன்னாடி கிடையாது. மச்சான் இதைக் கேட்டுட்டு, "புறம்போக்குல குடிசை போட்டவன் கதை, பக்கத்து வீட்டுக்காரன் பிரிச்சா கேஸ் போடலாம், சர்க்கார் பிரிச்சா முடியாது"ன்னார்.

5 செப்டம்பர்
இந்த இழையிலேயே ஒரு மகராசன் வந்து "யூசி பாதி விலை, இன்பாக்ஸ் வாங்க ப்ரோ"ன்னு போட்டிருந்தார். அழிச்சாச்சு. இழையைப் படிச்சுட்டுத்தான் போட்டாரான்னு தெரிஞ்சுக்க ஆசை.

6 செப்டம்பர்
எல்லாரும் கேக்குற ஒண்ணுக்கு வரேன். எவனோ ரெண்டு பேர் தங்களுக்குள்ள வித்துக்கிட்டா கம்பெனிக்கு ஏன் எரியுது? அவன் யூசி விக்கிற வியாபாரம் கெடும்ங்கிறது சின்னக் காரணம். பெரிய காரணம் சட்டம்.

ஒப்பந்தத்துல "இந்தக் காசுக்கு நிஜ உலகில் எந்த மதிப்பும் இல்லை, பணமாக மாற்ற முடியாது, விற்கக் கூடாது"ன்னு ஒரு வரி எல்லாக் கம்பெனியும் வைக்கும். ஆட்டக்காரனைக் கட்டிப்போட வச்ச வரியாத்தான் நாம அதைப் படிக்கிறோம். உண்மையில அது கம்பெனி தன் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்ட குடை. திருவிழாவுல ராட்டினத்துக்கு டோக்கன் கொடுப்பான் பாருங்க, உள்ள மட்டும்தான் செல்லும். வெளியில டீக்கடைக்காரன் அந்த டோக்கனை வாங்கிக்கிட்டு டீ கொடுக்க ஆரம்பிச்சா ராட்டினக்காரன் பேங்க் நடத்துறான்னு ஆயிடும்.

நெஜமாவே அப்படித்தான். நம்ம ரிசர்வ் வங்கி விதியில, கொடுத்த நிறுவனத்துகிட்டயே செலவழிக்கிற, ரொக்கமா எடுக்க முடியாத முன்பணக் கணக்குக்கு அனுமதி வாங்க வேண்டாம். வெளியில செல்லுபடியாகுற மாதிரி ஆனா அனுமதி வேணும். ஜப்பான்ல இன்னும் கறார். முன்கூட்டியே பணம் வாங்கிக் கொடுக்குற கேம் காசுக்கும் சட்டம் உண்டு. மார்ச் கடைசியிலோ செப்டம்பர் கடைசியிலோ செலவாகாம நிக்கிற காசு 1 கோடி யென்னைத் தாண்டுனா, அதுல பாதியைப் பிணையா கட்டி வைக்கணும். அங்க நிறைய ஆட்டத்துல வாங்குன கல்லுக்கு (அதுதான் அங்க கேம் காசு) ஆறு மாசக் கெடு வச்சிருக்கிறது எதுக்குன்னா, ஆறு மாசத்துக்குள்ள காலாவதி ஆகுறதுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது!

சூதாட்டம் இன்னொரு பயம். அமெரிக்காவுல கேம் ஆஃப் வார் ஆட்டத்து மேல ஒரு வழக்கு, 2017ல மேல்முறையீட்டுத் தீர்ப்பு. அதுக்குள்ள இருந்த சூதாட்டச் சக்கரத்தைச் சுத்தி டாலர் விட்ட ஒரு பெண் திருப்பிக் கேட்டாங்க. கணக்குகளை வெளியில டாலருக்கு விக்கிறாங்களேன்னு வாதாடிப் பாத்தாங்க. எடுபடல, தோத்தது பொம்மைக் காசுதான்னு போச்சு. 2018ல பிக் ஃபிஷ் கேசினோ வழக்கு வேற மாதிரி போச்சு. அந்த ஆட்டத்துக் காசான சிப் இருந்தாத்தான் மேல ஆட முடியும், அதனால வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அது மதிப்புள்ள பொருள்னு ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடைசியில 15.5 கோடி டாலருக்குச் சமரசம். ஆனா கவனிங்க, அந்த வழக்குலயும் "சிப்பைக் கள்ளச் சந்தையில விக்க முடியுது, அதனால மதிப்பு உண்டு"ங்கிற வாதத்தை மட்டும் கோர்ட் ஏத்துக்கல. ஏன்னா கம்பெனியோட விதியே விக்கக் கூடாதுன்னு சொல்லுது. குடை அங்க அந்த அளவுக்கு வேலை செஞ்சுது.

அதனாலதான் கம்பெனி ஐடி விக்கிறவனை அப்பப்ப பிடிச்சுத் தடை போடுது. கண்டும் காணாம விட்டா, நாளைக்கு ஒரு நீதிபதி "விதி பேப்பர்ல மட்டும்தானே இருக்கு"ன்னு கேப்பார்.

7 செப்டம்பர்
"அப்ப செகண்ட் லைஃப்ல மட்டும் எப்படி லிண்டன் டாலரை நெஜ டாலரா மாத்துனாங்க?" நல்ல கேள்வி. செகண்ட் லைஃப்ங்கிறது நிலம், வீடு எல்லாம் வாங்கி வாழுற ஒரு மெய்நிகர் உலகம், லிண்டன் டாலர் அதோட காசு. அவங்க குடை பிடிக்கல, நனைஞ்சாங்க. 2006ல ஒரு வக்கீல் அதுக்குள்ள இன்னும் ஏலத்துக்கு வராத நிலத்தை இணைய முகவரியை மாத்திப் போட்டு மலிவா வாங்கிட்டார். கம்பெனி கணக்கை முடக்குச்சு, அவர் கோர்ட்டுக்குப் போனார். தகராறுன்னா நடுவர்கிட்டதான் போகணும்னு இருந்த ஷரத்து ஒருதலைப்பட்சமானதுன்னு 2007ல பென்சில்வேனியா ஃபெடரல் கோர்ட் தள்ளுச்சு. நிலம் யாருக்குச் சொந்தம்ங்கிற அசல் கேள்வி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் சமரசமாயிட்டாங்க. வக்கீல்கள் இன்னைக்கும் இதுக்கு வருத்தப்படுவாங்களாம்.

அதே 2007ல உள்ள இருந்த சூதாட்டத்தை மூடுனாங்க. 2013ல அமெரிக்க நிதித் துறை, நெஜப் பணமா மாறுற மெய்நிகர் காசைக் கைமாத்தி விடுறவனுக்கும் பணப் பரிமாற்றச் சட்டம் உண்டுன்னு விளக்கம் கொடுத்துச்சு. பிறகு காசு விஷயத்துக்குன்னே டிலியான்னு தனி நிறுவனம், மாநில உரிமங்கள், பணம் எடுக்க அடையாள அட்டை. காசை மாத்தலாம்னு ஒரு ஆட்டம் சொல்லணும்னா இவ்வளவும் செய்யணும். ஐடி விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல நிக்கிற நம்ம டெலிகிராம் மிடில்மேன் ஒரு கியூஆர் கோடோட முடிச்சுடுறார்.

9 செப்டம்பர்
கொரியா பத்திப் பேச்சு வந்ததால. அங்க லினேஜ் ஆட்டத்து ஏடன் காசை வாங்கி வித்த ரெண்டு பேர் மேல கேஸ். 2009 கடைசியில உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செஞ்சுது. உழைச்சு, நேரம் போட்டுச் சேத்தது, சூதாட்டத்துல விழுந்தது இல்லங்கிறதுதான் அடிப்படை. சீட்டாட்டக் காசை மாத்துறது அங்க அப்பவும் குத்தம், இப்பவும் குத்தம். 2012ல தொழிலா பண்றவங்களைக் கட்டுப்படுத்த விதி வந்துச்சு. அதனால "கொரியால ஓகே"ன்னு ஒரே வரியில எழுதாதீங்க, எந்தக் காசு, யாரு விக்கிறான்னு சேத்து எழுதுங்க.

சீனாவுல 2009ல, கேம் காசை வச்சு நெஜப் பொருள் வாங்கக் கூடாதுன்னு ரெண்டு அமைச்சகம் சேந்து தடை. ஆனா அதே நாட்டுல 2003லயே, திருடு போன கேம் ஆயுதங்களை ஆட்டக்காரருக்குத் திருப்பிக் கொடுன்னு பெய்ஜிங் கோர்ட் கம்பெனிக்கு உத்தரவு போட்டிருக்கு. ரெண்டையும் சேத்துப் படிச்சா அவங்களுக்குக் கவலை எதுலன்னு தெரியும். உள்ளயே இருக்கிற வரைக்கும் பாதுகாப்பு, வெளிய வந்தா பிரம்பு.

9 செப்டம்பர், ராத்திரி
புதுச் சட்டத்து மேல ஐகோர்ட்டுகள்ல போட்ட வழக்கையெல்லாம் உச்ச நீதிமன்றம் நேத்து தன்கிட்டயே இழுத்துக்கிச்சு. அதை ஒட்டிச் சட்டத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். முதல் நாள் எழுதுனது அப்படியே நிக்கும், ஆனா அது போதாது. ஒரு இடம் உறுத்துது.

பண ஆட்டம்னா என்னன்னு சொல்ற இடத்துல, பணமோ 'வேறு பணயமோ' கட்டி, பணமோ வேற ஆதாயமோ கிடைக்கும்னு எதிர்பாத்து ஆடுறதுன்னு இருக்கு. திறமையா அதிர்ஷ்டமான்னு பாக்க வேண்டியதில்ல. வேறு பணயம்ங்கிறதுக்குள்ள காசு கொடுத்து வாங்குன கிரெடிட், காயின், டோக்கன், பேரு எதுவா இருந்தாலும், மெய்நிகரா இருந்தாலும், எல்லாம் வருது. இப்ப பிஜிஎம்ஐ கிரேட்டை, அதாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியாம உடைக்கிற பரிசுப் பெட்டியை, நினைச்சுப் பாருங்க. யூசியைக் காசு கொடுத்து வாங்குறோம். கிரேட்டை உடைக்கிறோம். கிளேசியர் விழுந்தாலும் விழும், சட்டை விழுந்தாலும் விழும். அந்தக் கிளேசியருக்காகவே ஒரு ஐடி 18,000க்குப் போகும்னா, அது ஆதாயமா இல்லையா?

கம்பெனி பதில் சுலபம்: "நாங்க விக்க விடல, அதனால ஆதாயம் இல்ல, இது சமூக விளையாட்டு (பணயம் இல்லாத, சட்டம் அனுமதிக்கிற ரகம்)." மேல சொன்ன அதே குடை. அது இங்க தாங்கும்னுதான் என் அபிப்பிராயம். மச்சான் அவ்வளவு உறுதியா இல்ல. ஆனா ஐடி சந்தை பெருசாகப் பெருசாகக் குடையில ஓட்டை விழும். விக்கிறவனைப் பிடிக்க இந்தச் சட்டத்துல இடம் இல்லன்னாலும், விக்கிறவனாலதான் ஆட்டமே சிக்கல்ல மாட்டும்.

11 செப்டம்பர்
"கம்பெனியே சந்தை நடத்துனா என்ன?"ன்னு கேட்டவருக்கு: பண்ணிப் பாத்தாச்சு. டயாப்லோ 3ல 2012 ஜூன்ல நெஜப் பண ஏலக் கடை தொறந்தாங்க. 2014 மார்ச்சுல மூடுனாங்க. சட்டத்துக்குப் பயந்து இல்ல, எல்லாரும் பேயை அடிக்கிறதை விட்டுட்டு ஏலக் கடையிலயே குடியிருந்ததால. நிலைச்சு நின்னது வேற யுக்தி. ஈவ் ஆன்லைன்ல பிளெக்ஸ், ரூன்ஸ்கேப்ல பாண்ட், வார்கிராஃப்ட்ல டோக்கன். நெஜப் பணம் உள்ள வரலாம், தங்கமா மாறலாம், வெளிய மட்டும் போகாது. ஒருவழிப் பாதை. சட்டம் படிச்சவன் யாரோ பக்கத்துல உக்காந்து கட்டுனதுன்னு பாத்தாலே தெரியும்.

கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தை நடத்துற வால்வ் கம்பெனி கதையும் இதுல சேரும். அதுல பரிசுப் பெட்டியைத் தொறக்கக் காசு கொடுத்து வாங்குற சாவிகள் கைமாறி கைமாறி, கடைசியில வியாபாரத்துக்கு வர்ற சாவில கிட்டத்தட்ட எல்லாமே மோசடி வழியா வருதுன்னு அவங்களே அறிவிச்சு, 2019 அக்டோபர்ல புதுச் சாவிகளைக் கைமாத்த முடியாம பண்ணாங்க.

14 செப்டம்பர்
இது வரைக்கும் எழுதுனதை விட இது முக்கியம், தனியா எழுதுறேன்.

எங்க கடைக்கு வர்ற ஒரு பையன் ஐடி வித்தான். வாங்குனவன் முழுப் பணத்தையும் யூபிஐல போட்டுட்டான். மிடில்மேனுக்குக் கமிஷன் கொடுத்தாச்சு, எல்லாம் சுபம். கொஞ்ச நாள் கழிச்சு அவங்க அம்மாவோட ஏடிஎம்ல பணம் வரல. பேங்க்ல போய்க் கேட்டா கணக்குல லீன் (பணத்தை எடுக்க விடாத பூட்டு) போட்டிருக்கு, வெளி மாநில சைபர் கிரைம் புகார். வாங்குனவன் அனுப்புனது அவன் பணம் இல்ல. வேற எங்கயோ ஒருத்தரை ஏமாத்தி எடுத்த பணத்தைச் சுத்தி விட்டு இங்க தள்ளியிருக்கான். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் பண்ணியிருக்கார். பணம் போன வழியெல்லாம் பூட்டு. பையனுக்குன்னு கணக்கு இல்லாததால அம்மா கணக்கைக் கொடுத்திருந்தான், மகளிர் குழுக் கடன் பணமும் அதுலதான் இருந்துச்சு.

இங்க வந்து விக்கிறதோட அசல் பிரச்சினை தெரியும். நான் எதுக்காகப் பணம் வாங்குனேன்னு காட்டணும். பில் இருக்கா? வாங்குனவன் பேரு 'டெவில்' ஏதோ. வித்த பொருளோ, விக்க உரிமை இல்லாதது. டெலிகிராம் சாட்டை அந்தப் பையன் அழிச்சிருந்தான், மிடில்மேன் சொன்னானாம். மச்சான் மனு எழுதிக் கொடுத்து, அந்த ஊர் போலீஸுக்கு மெயில் போட்டு, தகராறுக்குள்ள இருந்த தொகையை மட்டும் நிறுத்திட்டு மீதியை விடுவிக்க வச்சார். பையன் குத்தவாளி இல்ல. ஆனா அந்த அம்மா பட்ட பாட்டை யார் ஈடு கட்டுறது?

ஐடியோட இணைச்ச மெயிலையும் சேத்துக் கொடுக்குறீங்களே, அதையும் யோசிங்க. உங்க போன் நம்பர்ல ஆரம்பிச்ச மெயில். நாளைக்கு அதை வச்சு எவனாவது எதாவது பண்ணா முதல்ல தட்டுறது உங்க வீட்டுக் கதவு. மெயிலைக் கொடுக்காம வித்துட்டு, பின்னாடி "ரீகவர்" போட்டு ஐடியைத் திரும்ப எடுத்துக்கிற புத்திசாலிங்களுக்கு: அதுக்குப் பேரு ஏமாத்துறது. பாரதிய நியாய சன்ஹிதா 318. கேம் காசுக்கு மதிப்பே இல்லன்னு அங்க வாதாட முடியாது, நீங்க வாங்குனது நெஜ ரூபாய்.

17 செப்டம்பர்
வருமான வரி கேட்டவங்களுக்கு. ஐடி வித்த பணமும் வருமானம்தான், சட்டப்படி விக்க உரிமை இருந்துச்சா இல்லையான்னு வரித்துறை கவலைப்படாது. எந்தத் தலைப்புல காட்டுறதுங்கிறதுலதான் இழுபறி. 2022ல கிரிப்டோவுக்குன்னு கொண்டுவந்த 30 சதவீத வரி 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து'க்குன்னு இருக்கு. அதோட வரையறை ரொம்ப அகலம், சங்கேத முறையிலோ 'வேறு வகையிலோ' உருவான மதிப்புன்னு போகுது. விலக்கு கொடுத்து வந்த அறிவிப்புல பரிசு அட்டை, ரிவார்டு பாயிண்ட், சந்தா எல்லாம் இருக்கு, கேம் காசு பேரு இல்ல. என் ஆடிட்டர் சாதா வருமானமா காட்டச் சொல்வார், இன்னொருத்தர் வேற சொல்வார். எப்பவாவது ஒரு ஐடி வித்தவனுக்கு இது தலைவலி இல்ல. மாசம் முப்பது ஐடி கைமாத்துறவர் ஆடிட்டரைப் பாக்கட்டும், என்னைப் பாக்காதீங்க.

20 செப்டம்பர்
ஒரு அப்பா எழுதியிருக்கார். பையனுக்கு 14 வயசு. அவன் ஐடியை ஒருத்தனுக்கு வித்து ஏமாந்துட்டான், கேஸ் போடலாமா? இன்னொருத்தருக்கு நேர் எதிர்: அவர் பையன் அப்பா கார்டுல டைமண்ட் வாங்கித் தள்ளிட்டான், திரும்பக் கிடைக்குமா?

ரெண்டுலயும் ஒப்பந்தத்தை வச்சுப் பேசுனா 18 வயசுக்குக் கீழ உள்ளவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது, 1903ல பிரிவி கவுன்சில் தீர்ப்புலேருந்து நம்ம நாட்டுல அதுதான் நிலை. ஆனா முதல் ஆள் ஒப்பந்தத்தை வச்சுப் போக வேண்டாம். ஏமாத்துனது ஏமாத்துனதுதான், சாட்டை அழிக்காம வச்சுக்கிட்டு 1930ல புகார் கொடுங்க, பணம் அந்தப் பக்கம் கணக்குலேருந்து நகர்றதுக்குள்ள கொடுக்கணும், நாள் போச்சுன்னா வரும்னு நம்பாதீங்க. ஐடி திரும்ப வேணும்னு கம்பெனிக்கு எழுதாதீங்க. வித்தோம்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும், மூடிட்டுப் போயிடுவான்.

ரெண்டாவது ஆள் முதல்ல ஆப் ஸ்டோர்ல திருப்பிக் கேட்டுப் பாருங்க, பிள்ளை தெரியாம வாங்குனதுன்னு காரணம் போட்டு. சீக்கிரம் கேட்டா சில சமயம் கொடுக்குறாங்க. பையனோட ஐடியில மைனஸ் விழும், வீட்டுல ரெண்டு நாள் அழுகை இருக்கும். கார்டுல ஓடிபி இல்லாம எடுக்குற வசதியை நிறுத்திடுங்க. டைமண்ட் வேணும்னா கைல 80 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்க.